தம்பி வீட்டுக் கோழிக்கறி

தை மாதம், செவ்வாய்க்கிழமை இரவு. கட்டைபறிச்சான்.

பறவைக் காய்ச்சலை ஆராய வந்த டொக்டரம்மாவை இன்று என் தம்பி ஏமாற்றிவிட்டான். நோய் பிடித்துத் தூங்கி விழுந்த கோழிகளைக் குசினிக்குப் பின்னால் பனையோலைக் கடகத்தால் மூடிவிட்டு, துள்ளித் திரிந்தவற்றை மட்டும் பிடித்துக் கொடுத்தான். அவர் அவற்றின் தொண்டையில் பஞ்சுக் குச்சி விட்டு மாதிரி எடுத்தார்.

"ஐயா, செத்தது ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டார்.

"இல்லை மிஸ். எல்லாம் நல்ல சுகம்" என்றான் தம்பி.

நான் வேலியடியில் நின்று, "கடகத்தைத் தூக்கிப் பாருங்கோ" என்றேன்.

தம்பி மனைவி என்னைக் காட்டிச் சிரித்தாள். "அது அடைகிடக்குது மிஸ். அத்தான் பேப்பர் படிச்சே டொக்டர் ஆனவர்."

டொக்டரம்மாவும் சிரித்தார். மத்தியானம் அவருக்குச் சோறு போட்டார்கள். கறியானது கடகத்துக்குள் கிடந்த கோழிகளில் ஒன்று.

வெந்த இறைச்சியால் அவருக்கு ஒன்றும் வராது. ஆனால் அதை அறுத்து இறகு பிடுங்கியவள் தம்பியின் மகள், என் பெறாமகள், நிறைமாதக்காரி. போன கிழமை சுணங்கி விழுந்த கோழிகளையும் அவளே உரித்தாள். பின்னேரம் அவள் இருமியது என் வீடுவரை கேட்டது. நோய் என்று தெரிந்தால் எல்லாக் கோழிகளையும் கொன்று புதைத்துவிடுவார்கள் என்று பயந்த தம்பிக்குப் பெற்ற மகளைப் பற்றிப் பயமில்லை.

விடிந்ததும் நான் டொக்டரம்மாவுக்குப் போன் எடுக்க வேண்டும். அவர் திரும்பி வந்து, நோய்க் கோழிகளில் மாதிரி எடுக்க வேண்டும். பெறாமகளின் புருசன் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், கோழி உரித்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். தம்பி மனைவி மிச்ச நோய்க் கோழிகளைக் கையால் தொடக் கூடாது. தம்பி இனி என்னோடு கதைக்காமல் விடலாம். அது அவன் பாடு.