நீ பேசவைத்த என் மகள்

அடுப்பில் வெண்ணெய் உருகி, போட்ட முருங்கைக்கீரை பொரிந்து அடங்கியது. நெய் வாசம் வீடு முழுக்க ஏறியபோது, சட்டியின் அடியில் தங்கிய கசண்டைச் சுரண்டி ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்திருந்தேன். நீ கேட்பாயே. ராசிபுரத்து பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, செருப்பைக் கழற்றுவதற்குள், "ஏம்புள்ள, நெய் காச்சுனியா? கசண்டு எனக்கு வச்சிருக்கியா?" என்பாயே. கிண்ணத்தை மூடியபிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அழுகை வரும் என்று காத்திருந்தேன். அதற்கு முன்னால் அந்தப் பழைய பொறாமைதான் வந்து நின்றது.

நாமகிரிப்பேட்டைப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். அப்போதும் டீச்சர்கள் உன் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். அது என்னைப் பெரிதாகத் தொட்டதில்லை. என் மகள் கயல் விஷயத்தில்தான் தொட்டது.

கயலை நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்திருந்தோம். ஒன்பதாவது படிக்கும்போது பொங்கல் லீவுக்கு வந்தவள் பேச்சையே விட்டிருந்தாள். கேட்டால் தலையாட்டுவாள். விடியுமுன் எழுந்து யூனிபார்மைப் போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள். அவள் அப்பா போர்வெல் போடும் ரிக் லாரியோடு சத்தீஸ்கரில் இருந்தார். போனில் சொன்னேன். "புள்ளதான் முக்கியம். நீ பாத்துச் செய்யி" என்றார். நான் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. "பொட்டப்புள்ளையை ஊட்டுல வச்சுட்டு என்னங்க பண்ணப் போறீங்க?" என்று ஊரே கேட்டது.

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பங்களைச் சேந்தமங்கலம் வரை அலைந்து தேடினேன். கோழிகளை விற்றபின் காலியாகக் கிடந்த எங்கள் பண்ணைக் கொட்டகையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்தேன். கணக்கு நான் எடுத்தேன். அறிவியலுக்கு, வந்த பிள்ளைகளில் ஒருத்தியின் அப்பா. பழம்பாட்டுக்கும் வாதம் பண்ணக் கற்றுத்தரவும், கல்லூரி வேலையை விட்டிருந்த உன்னை நான்தான் கூப்பிட்டேன். இடம் என்னுடையது, யோசனை என்னுடையது, மகளும் என்னுடையவள். இதை இப்போதும் யாரிடமாவது அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது.

முதல் வியாழக்கிழமை நீ பாடம் எதுவும் நடத்தவில்லை. பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, ஒரு பழைய பாட்டை மெதுவாக இரண்டு தரம் படித்தாய். மனசுக்குப் பிடித்தவனோடு சொல்லாமல் போய்விட்ட மகளை நினைத்து ஒரு தாய் அழுகிற பாட்டு. "இந்தம்மா எதுக்கு அழுவறா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாய். பிள்ளைகள் நெளிந்தார்கள். நான் டீத் தட்டோடு வாசலில் நின்றேன். எனக்கே அந்த அமைதி தாங்கவில்லை; உள்ளே போய் ஏதாவது சொல்லிவிடலாமா என்றிருந்தது.

அப்போதுதான் கயல் வாயைத் திறந்தாள்.

"அவங்க மகளுக்காக அழுவுல. தங்கிட்டச் சொல்லாமப் போயிட்டாளேன்னு அழுவறாங்க."

"எதை வச்சுச் சொல்ற, சாமி?"

"மகளுக்குக் காலு சுடுமேன்னு ஒரே ஒரு வரி வருதுங்க. மத்ததெல்லாம் அவங்களைப் பத்தியேதான் இருக்குது."

மாதக்கணக்கில் நான் கெஞ்சியும் வராத குரல். கோயிலுக்குக் கூட்டிப்போயும், டாக்டரிடம் காட்டியும், பக்கத்தில் படுத்து முதுகைத் தடவிக் கொடுத்தும் வராத குரல், உனக்கு ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. சந்தோஷத்தில் டீத் தட்டை வாசற்படியிலேயே வைத்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்துக்குள்ளேயே வயிறும் எரிந்தது. அவள் பேசிய பேச்சு என்னைப் பார்த்துச் சொன்னது போலவே இருந்தது.

பிறகு வீடே வியாழக்கிழமைக்காக இயங்கியது. புதன் சாயங்காலமே கயல் தலைக்குக் குளித்துவிடுவாள். உன்னைப்போலவே மூக்கைச் சுருக்கிக்கொண்டு யோசிக்கப் பழகினாள். சாம்பாரில் உப்பு கூட என்றால், "எதை வச்சும்மா சொல்றீங்க?" என்பாள். என் கணக்கு வகுப்பில் பிள்ளைகள் ஒழுங்காகத்தான் இருந்தார்கள், வெயிலில் வரிசையில் நிற்பதுபோல. உன் வகுப்பு முடிந்தும் கொட்டகையை விட்டு வரமாட்டார்கள். கத்துவார்கள், சிரிப்பார்கள், ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் பிய்த்து எறிவார்கள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

சட்டம் படிக்கப் போகிறேன் என்று கயல் முதலில் உன்னிடம்தான் சொன்னாள். எனக்கு உன் வாயால்தான் தெரியவந்தது. அன்றைக்கு உன்னை பஸ் ஏற்ற வந்த நான், மழைக்கு ஒதுங்கி நின்ற இடத்தில் கேட்டேவிட்டேன்.

"எம் மகளை எங்கிட்டயே திருப்பிக் குடுத்துரு புள்ள."

நீ ஆறுதல் சொல்லவில்லை. "உனக்கு வயித்தெரிச்சல்" என்றாய். மழையைப் பார்த்துக்கொண்டே, "எனக்குந்தான்" என்றாய்.

எனக்குப் புரியவில்லை. அதற்குப் பிறகுதான் உன் மகன் பிரபுவைப் பற்றிச் சொன்னாய். உன் வீட்டுக்காரர் பிடிவாதமாக அவனை ஹாஸ்டலில் விட்டிருந்தது எனக்குத் தெரியும். மற்றது தெரியாது. "ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவான். சாப்பிட்டேன், மார்க்கு இவ்ளோ, வெச்சர்றேன்னு முடிச்சுருவான். உம் மக உன்னோட தினம் சண்டை போடறாள்னு சலிச்சுக்கற. சண்டை போட உனக்கு ஒருத்தி இருக்கறா. நான் ஊருப் புள்ளைகளைப் பேசவச்சுட்டு, பஸ்ஸுல வாயை மூடிட்டுப் போறேன்."

பஸ் வந்தது. நீ ஏறிக்கொண்டாய். கையாட்டவில்லை, நானும் ஆட்டவில்லை. அடுத்த வியாழன் வந்து கசண்டு கேட்டாய். அதைப் பற்றி நாம் மறுபடி பேசவே இல்லை.

வயிற்று வலி என்று சேலம் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாய். நோய் முற்றிவிட்டது என்றார்கள். கயல் தினமும் வந்து உன் தலைமாட்டில் உட்கார்ந்து பாட்டுப் படித்தாள். நான் பிளாஸ்க்கோடு வெளியே நின்றேன். கடைசியாக நான் பார்த்த அன்று, அவளை அனுப்பிவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டாய்.

"வியாழக்கிழமையை நிறுத்திராத. நீயே நடத்து."

"எனக்குப் பாட்டெல்லாம் எங்க தெரியும்?"

"தெரிஞ்சிருந்தா நீயே எல்லாத்தையும் சொல்லிருவ. தெரியாததால கேப்ப. அது போதும்."

உன்னை எடுத்த அன்று கயல் மண்ணில் புரண்டு அழுதாள். அவளைத் தூக்கிப் பிடித்திருந்த என் மனசில் என்ன ஓடியது தெரியுமா? எனக்கு இப்படி அழுவாளா என்று. அந்த நேரத்திலும் அதுதான் ஓடியது.

இப்போது அவள் கோயம்புத்தூரில் சட்டம் படிக்கிறாள். தினம் போன் பண்ணுகிறாள், தினம் என்னோடு வாதாடுகிறாள். வியாழக்கிழமை வகுப்பு நடக்கிறது. புதுப் பிள்ளைகள் வருகிறார்கள். நான் பாட்டைத் தட்டித் தடுமாறிப் படித்துவிட்டு, பிறகு வாயைத் திறக்காமல் இருக்கப் பாடுபடுகிறேன்.

போன மாதம் பிரபு வந்தான். கல்லூரியில் சேர்ந்துவிட்டான், மீசை அரும்பியிருக்கிறது. "அம்மா இங்க என்ன பண்ணுவாங்கன்னு பாக்க வந்தேனுங்கத்தை" என்றான். உட்காரச் சொன்னேன். அன்றைக்கு எடுத்தது, வள்ளல் ஒருவனைப் பிரிந்து போகிற புலவனின் பாட்டு. கொடுத்தவனைவிட வாங்கிக்கொண்டு போகிறவனுக்குத்தான் துக்கம் அதிகம் என்று ஏதோ சொல்லிவைத்தேன்.

"தப்புங்க அத்தை" என்றான் பிரபு. பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்குக் காது சிவந்துவிட்டது, ஆனாலும் விடவில்லை. "கொடுத்தவன் வாசல்லயே நிக்கறான். போறவனுக்குப் போற வழி இருக்குது. நிக்கறவனுக்கு என்ன இருக்குது?" நான் மறுத்தேன். அவன் மறுபடி மறுத்தான். வகுப்பு கலைந்த பிறகும் நாங்கள் இரண்டு பேரும் விடாமல் பேசிக்கொண்டிருந்தோம். சாப்பிடும்போதும் வாதாடினான். ஒரு கட்டத்தில் குரலை உயர்த்தி, "நீங்க நான் சொல்றதையே கேக்க மாட்டேங்கறீங்க" என்று என்னிடம் கோபித்துக்கொண்டான்.

உன் மகன் என்னிடம் சண்டை போட்டான், புள்ள. நீ பஸ்ஸில் வாயை மூடிக்கொண்டு போய் ஏங்கிய சண்டை. அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே நினைத்தேன், இதைப் பார்த்தால் உனக்கு எப்படி எரியும் என்று. எரியட்டும் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு உனக்கு எரிய வழியில்லை என்பது தோன்றியது. அவன் அடுத்த வியாழனும் வந்தான். வருகிற வாரமும் வருவான். என் எரிச்சலோடு சேர்த்து, உன்னுடையதையும் நான்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.