பின்சக்கரம் இழுக்கும் வண்டி

பூவார்
23 ஏப்ரல் 2025

பிரியமுள்ள ஜிஜாவுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோருக்கும் சுகம்தான், அம்மாவின் முழங்காலைத் தவிர. அங்கே நீயும் மாமாவும் சுகம் என்று நம்புகிறேன்.

புருஷனும் பெண்சாதியும் போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் சண்டை வருகிறது, சொல்ல இருப்பதை எழுதி அனுப்புங்கள் என்று நீதான் சொன்னாய். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் பேனா பிடித்தது பாங்கில் கையெழுத்துப் போட மட்டும். கோணலாக இருந்தால் சகித்துக்கொள்.

ஈஸ்டருக்கு நீ வருவாய் என்று அம்மா அப்பத்துக்கு மாவு கூடுதலாகக் கரைத்தாள். மிஞ்சியதை நானும் தம்பி பினுவும் மறுநாளும் தின்றோம். மாமாவுக்குப் பக்கவாதம் வந்து நீ குன்னத்துகாலில் உன் அப்பா வீட்டுக்குப் போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. அவரைத் தனியே விட முடியாது, காரக்கோணம் ஆஸ்பத்திரி வேலைக்கும் அங்கிருந்துதான் பக்கம். எனக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் ஒரு பண்டிகை நாளுக்கு வந்திருக்கலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். என் பைக்கின் கதை முடிந்தது. ஒரு வண்டி வாங்க வேண்டும். தினமும் போக வர நாற்பது கிலோமீட்டர் ஓட வேண்டும். டூரிஸ்ட்டுகளை ஏற்றும் நம் ஃபைபர் படகை வருஷத்தில் மூன்று நான்கு தடவை ட்ரெய்லரில் வைத்து இழுக்கவும் வேண்டும். மழைக்கு முன்னால் கரையேற்ற, அடியில் பெயிண்ட் அடிக்கக் கொண்டுபோக, சீசனுக்கு மறுபடி இறக்க. எண்ணெயும் அதிகம் குடிக்கக் கூடாது. பினு பிக்கப் வாங்கு என்கிறான். ஒர்க்‌ஷாப் பொன்னப்பன் அண்ணனிடம் ஒரு பழைய டீசல் வண்டி வந்திருக்கிறது. ஏழு பேர் உட்காரலாம், எஞ்சின் பலம் பின்சக்கரத்துக்குப் போய் அது இழுப்பது. ஒரு லிட்டர் பெட்ரோலை நீ எப்படி நீட்டி ஓட்டுவாய் என்று இந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். உன் அபிப்பிராயம் எழுது.

பிரியத்துடன்
ஷாஜி


குன்னத்துகால்
29 ஏப்ரல் 2025

அன்புள்ள ஷாஜி சேட்டனுக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்து கோணல்தான். ஆனால் போனில் கத்துவது போல் கத்தவில்லை, அதுவே பெரிய ஆறுதல்.

அப்பா தடி ஊன்றிக் கேட் வரை நடக்கிறார். பேச்சும் தெளிந்துவிட்டது. தெளிந்ததும் முதல் வேலையாக என் மீன்குழம்பைக் குறை சொன்னார். ஈஸ்டருக்கு எனக்கு டியூட்டி. வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது உங்களுக்கும் தெரியும். எங்கள் வீட்டில் வந்து இருங்கள் என்று மட்டும்தான் நான் கேட்டேன். அதற்குப் பினுவின் கல்யாணப் பந்தலில் வைத்து, “பெண்ணு வீட்டுல போய் கெடக்க நான் ஆளில்லையாக்கும்” என்று எல்லோர் முன்பும் சொன்னீர்கள். அந்தப் பந்தலில் இருந்தவர்கள் முகத்தில் விழிக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

வண்டி விஷயம். மூன்று நாள் படகுக்காக வருஷம் முழுக்கப் பெரிய வண்டிக்குத் தீனி போடுவது என்ன கணக்கு? மைலேஜ் தருகிற சின்னப் பெட்ரோல் கார் போதும். படகு இழுக்கிற நாளில் பிக்கப்பை வாடகைக்குப் பிடியுங்கள். நானேதான் இழுப்பேன் என்று பிடிவாதம் என்றால், பின்சக்கரம் இழுக்கிற வண்டியைத் தவிர வேறெதையும் பார்க்க வேண்டாம். கடவில் படகு இறக்குகிற பாசி பிடித்த சரிவில் பினுவின் கூட்டாளி கார் கொண்டுவந்து, முன்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றி, படகோடு சேர்ந்து ஆற்றுக்குள் போகப் பார்த்தது மறந்திருக்காது. நானும் மாமியும்தான் டயருக்குக் கல் வைத்தோம்.

ஒன்று மட்டும் புரியவில்லை. நம் வீட்டிலிருந்து கடவுக்கு நடக்கிற தூரம்தானே. தினமும் நாற்பது கிலோமீட்டர் எங்கே போகப் போகிறீர்கள்? விழிஞ்ஞம் துறைமுகம் பக்கம் வேலை பார்க்கிறீர்களா? படகையும் என்னையும் ஒன்றாக விட்டுவிடுகிற எண்ணம் என்றால் நேராக எழுதுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

மாமியின் முழங்காலுக்குத் தைலம் வைத்திருக்கிறேன், பினுவை வரச் சொல்லுங்கள்.

அன்புடன்
ஜிஜா


பூவார்
6 மே 2025

பிரியமுள்ள ஜிஜாவுக்கு,

தைலம் பினு கொண்டுவந்தான். அம்மா அதை அக்கம்பக்கத்துக்கெல்லாம் காட்டிவிட்டுத்தான் தேய்த்தாள்.

வேலையும் மாறவில்லை, ஊரும் மாறவில்லை. அந்த நாற்பது கிலோமீட்டர் உன் அப்பா வீட்டுக் கேட்டிலிருந்து என் கடவு வரை, போக வர. பினுவின் பைக்கில் வந்து நானே அளந்தேன். நீ டியூட்டிக்குப் போயிருந்தாய். கேட் வரை வந்து திரும்பிவிட்டேன். மாமா பார்த்தார், கையைத் தூக்கினார், நானும் தூக்கினேன். உன்னிடம் அவர் சொல்லவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

குன்னத்துகாலில் வந்து இருக்கிறேன், ஜிஜா. காலையில் பூவாருக்கு வந்து படகு ஓட்டிவிட்டு சாயங்காலம் திரும்புவேன். கடவில் கூட்டாளிகள் சிரிப்பார்கள். கொஞ்ச நாள் சிரித்து அலுத்ததும் வேறு ஆளைப் பிடிப்பார்கள். அம்மாவிடம் சொன்னேன். “நீ போ மக்கா, இங்க பினு உண்டு” என்றாள்.

மழைக்காலத்தில் படகும் உங்கள் முற்றத்தில்தான் கிடக்க வேண்டும். அது பூவாரில் கிடந்தால் அதைச் சாக்காக வைத்து நானும் இங்கேயே கிடப்பேன், என்னை எனக்குத் தெரியும். வாடகை பிக்கப்பில் கொண்டுவரலாம்தான். ஆனால் என் வண்டியில் நானே இழுத்துக்கொண்டு வந்தால்தான் குடிவந்துவிட்டேன் என்று எனக்கே நம்பிக்கை வரும். சின்னக் காரில் வருகிறவன் சாயா குடித்துவிட்டுத் திரும்புகிறவன்.

நீ விஷயம் தெரியாமல் சின்னக் கார் என்று எழுதினாய். இப்போது தெரிந்து எழுது. மறுபடியும் சின்னக் கார் என்றால், நான் பூவாரிலேயே இருப்பதுதான் உனக்கு விருப்பம் என்று எடுத்துக்கொள்வேன். கோபிக்க மாட்டேன். கஷ்டமாக இருக்கும்.

பிரியத்துடன்
ஷாஜி


பூவார்
20 மே 2025

பிரியமுள்ள ஜிஜாவுக்கு,

உன் பதில் வரவில்லை. தினமும் கேட்டுக் கேட்டு, தபால்காரர் இப்போது என்னைக் கண்டால் வண்டியை வேறு வழி திருப்புகிறார்.

இந்த வருஷம் மழை முந்தும் என்கிறார்கள். படகு இன்னும் தண்ணீரில் கிடக்கிறது. பொன்னப்பன் அண்ணனிடம் வேறொரு ஆள் அந்த வண்டியைக் கேட்டிருக்கிறான். ஞாயிறு ஆராதனை முடியும் வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் உன் எழுத்து வராவிட்டால் அவனுக்கே கொடுக்கச் சொல்லிவிடுவேன். அதற்கு மேல் உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

மாமாவுக்கு மருந்து தவறாமல் கொடு.

ஷாஜி


குன்னத்துகால்
23 மே 2025

அன்புள்ள ஷாஜி சேட்டனுக்கு,

இதைத் தபாலில் போடாமல், பூவாருக்கு லீவில் வருகிற நர்ஸ் ஆனந்தபாய் அக்காவிடம் கொடுத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் உங்கள் கையில் கிடைக்க வேண்டும்.

இங்கே வந்து இருப்பதாக நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். சின்னக் கார் வாங்குங்கள் என்று எழுதினேன். பந்தலில் நான் நின்ற நிலைக்கு அதுதான் சரி என்று தோன்றியது. கவரில் போட்டு ஒட்டித் தபால் பெட்டி வரை போனேன். நீங்கள் கேட் வரை வந்து திரும்பியது போல நானும் திரும்பிவிட்டேன். எனக்கு நீங்கள் வேண்டும். கோபமும் இருக்கிறது, அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

அப்புறம்தான் கேட் நினைவு வந்தது. பினுவிடம் படகின் அகலத்தைக் கேட்டேன், உங்களிடம் மூச்சு விடக் கூடாது என்றும் சொன்னேன். டேப் பிடித்துப் பார்த்தால் படகு எங்கள் கேட்டை விட ஒரு முழம் அகலம். வழியும் குறுகல், திருப்பி நுழைக்க இன்னும் இடம் வேண்டும். தூணை இடிக்காமல் முடியாது. ஒரு தூணில் அப்பா தன் கையாலேயே சிமெண்டில் ‘எலியா’ என்று எழுதியிருப்பது உங்களுக்குத் தெரியும். அவரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். கடைசியில் சொன்னேன். அப்பா எழுந்து தடி ஊன்றிப் போய் இரண்டு தூணையும் பார்த்தார்.

“எம்பேரு உள்ள தூண இடி மக்கா” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்து, “அழாண்டாம். மத்ததுல தண்ணிப் பைப்பு ஓடுதாக்கும்” என்றார்.

கொத்தனார் கிடைக்கத்தான் இத்தனை நாள். நேற்று இடித்தாயிற்று. புதுத் தூணை எங்கே நிறுத்துவது என்று படகு உள்ளே வந்து திரும்பிய பிறகுதான் சொல்ல முடியுமாம். அதுவரை கேட் சுவரில் சாய்ந்து நிற்கிறது.

ஆகவே அந்த டீசல் வண்டியையே எடுங்கள். எண்ணெய் மட்டும் எப்போதும் களியக்காவிளை தாண்டித் தமிழ்நாட்டுப் பெட்ரோல் பங்கில் அடியுங்கள், அங்கேதான் விலை குறைவு. ஏழு சீட்டில் ஒன்று மாமிக்கு, வாரம் தவறாமல் கூட்டிவர வேண்டும்.

இன்னொன்று. விடியுமுன் வந்து யாரும் பார்க்காமல் நுழைகிற வேலை வேண்டாம். பட்டப்பகலில் பாறசாலை சந்தை வழியாகப் படகை இழுத்துக்கொண்டு மெதுவாக வாருங்கள். பந்தலில் எல்லோர் முன்பும் சொன்னீர்கள், இதையும் எல்லோர் முன்பும் செய்யுங்கள். நான் லீவு போட்டு வழியில் நிற்பேன்.

கேட் இல்லாததால் பக்கத்து வீட்டு ஆடுகள் உள்ளே வந்து வாழைக்கன்றைத் தின்கின்றன. சீக்கிரம் வாருங்கள்.

அன்புடன்
ஜிஜா