அணைக்காமல் விட்ட ஒன்று

ஹெப்பாள், மைசூரு
ஞாயிறு

அன்புத் தங்கை அனுப்ரியாவுக்கு,

அக்கா சொர்ணலதா எழுதுவது. மேட்டூரில் என் சிநேகிதி பூவாத்தாள் வீட்டுக்கு நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததைக் காய்கறி வண்டி கந்தசாமி அண்ணன் வந்து சொன்னார். உன் கையில் அவன் வைத்த சூடு ஆறிவருகிறதா? மருந்தை விடாமல் போடு. இதையும் அண்ணனிடமே கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

உன் புருஷன் இங்கே வந்துவிட்டான். கேட்டைப் பிடித்துக்கொண்டு, "அவ உள்ளதான் இருக்கறா, எனக்குத் தெரியுமுங்க அக்கா, பொய் பேசாதீங்க" என்று தன் செல்லை நீட்டினான். மேப்பில் நம் வீட்டின் மேல் ஒரு புள்ளி. நீ விட்டுப்போன செல் உள்ளே அலமாரியில் இருந்தது.

போன சிவராத்திரிக்கு மாதேஸ்வரன் மலைக்கு நடந்தோமே, காட்டில் யாரும் வழி தவறக் கூடாது என்று உன் செல்லை வாங்கி என்னவோ தட்டிக் கொடுத்தானே, அதுதான். பொண்டாட்டி மேல் எத்தனை அக்கறை என்று நான்கூட மெச்சினேன். நாசமாய்ப் போக! மலை இறங்கிய பிறகு அதை யாருமே அணைக்கவில்லை. நீ ஆஸ்பத்திரிக்குப் போனதும் என்னிடம் ஓடிவந்ததும் அவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

அன்றைக்கே உன் செல்லைத் துருவினேன். ஏண்டி, பஞ்சாங்கம் பார்க்கிற ஆப்புக்கு மைக் எதற்கு? டார்ச் லைட்டுக்கு நம் சொந்தக்காரர்கள் நம்பரெல்லாம் எதற்கு? கேட்டதற்கெல்லாம் சரி சரி என்று தட்டி வைத்திருக்கிறாய். எல்லா அனுமதியையும் பிடுங்கிவிட்டேன்.

இருப்பிடத்தை மட்டும் அணைக்கவில்லை. திட்டாதே. அணைத்தால் நீ இங்கே இல்லை என்று தெரிந்து பாலாறு செக்போஸ்ட் தாண்டி மேட்டூர்ப் பக்கம் தேடுவான். அதனால் மறக்காமல் சார்ஜ் போட்டு, உன் செல்லை என் பையில் வைத்துக்கொண்டே கம்பெனி பஸ் ஏறுகிறேன். பின்னாலேயே பைக்கில் வருகிறான். செக்யூரிட்டி அவனை உள்ளே விடுவதில்லை. சாயங்காலம் வெளியே வருகிற பெண்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்க்கிறான். நேற்று என் பையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மகளிர் போலீஸில் புகார் கொடுத்திருக்கிறேன். அவனைக் கூப்பிட்டு விசாரிக்கும் வரை இப்படித்தான் ஓட்ட வேண்டும். நீ கிளம்பி வந்துவிடாதே.

புதுச் செல் வாங்கினால் எது கேட்டாலும் முதலில் வேண்டாம் என்று தட்டு. மாதேஸ்வரன் உன்னைக் காப்பாற்றட்டும். எங்கே இருக்கிறாய் என்று யார் கேட்டாலும் சொல்லாதே கண்ணு. என் நம்பரிலிருந்து, என் குரலே அழுதுகொண்டு கேட்டாலும் சொல்லாதே.

உன் அக்கா,
சொர்ணலதா