மொட்டோடு எடுத்த கிழங்குகள்

நம் பெரியவளின் அம்மாவுக்கு,

இங்கே நான் நலம். நீயும் பெரியவளும் அவள் வயிற்றில் இருக்கும் உயிரும் நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் எந்நேரமும் எனக்கு நினைப்பு. டாக்டர் சொன்னபடி அவள் எழுந்து நடமாடாமல் படுத்திருக்கிறாளா? அவளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அப்படியே உன் சுபாவம். கொஞ்சம் அதட்டியே வை.

போனில் பேசினால் அவள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். இது அவள் காதில் விழ வேண்டாத சேதி. அதனால்தான் கடிதம். அவள் தூங்கும்போது படி.

நாம் வேலை பார்க்கும் தோட்டத்தின் தெற்கு மதில் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு வருவதை நீ ஊருக்குக் கிளம்பும் முன்பே பார்த்தாய். இப்போது நன்றாகவே உப்பிவிட்டது. அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நடக்கிற பாதை. மேல் குளத்திலிருந்து நான் விடுகிற தண்ணீரில் பாதி எங்கோ காணாமல் போகிறது என்று தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருந்தேனே, அப்போதெல்லாம் காதில் வாங்காத அலுவலகத்துக்காரர்கள், சுவர் சாய ஆரம்பித்ததும் ஓடி வந்தார்கள். பழைய கட்டடங்களை ஆராய்கிற ஒரு சின்ன வயது அம்மாவையும் கூட்டி வந்தார்கள்.

அவளும் நானும் மதிலோரமாக இரும்புக் கம்பியைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே போனோம். ஓரிடத்தில் 'ணங்' என்றது. தோண்டினால், செதுக்கின கல் வாய்க்கால்! தோட்டம் உண்டாக்கின காலத்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. கற்கள் சில விலகி, தண்ணீர் அந்த வழியாகச் சுவருக்கு அடியில் இறங்கிக்கொண்டிருந்தது. மேலதிகாரியே வந்து கை கொடுத்தார். "நீங்க அன்னைக்கே சொன்னீங்க தண்ணிக்காரரே, நாங்கதான் கேக்கல" என்றார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். எங்கே நிற்கிறேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. வாய்க்கால் முழுவதும் உன் ஐரிஸ் பூப்பாத்திக்கு அடியில்தான் போகிறது.

இதழில் தாடி தொங்குகிறதென்று நீ பெயர் வைத்த தாடிக்காரர்கள் எல்லாம் மொட்டு விட்டு நிற்கிறார்கள். இந்தத் தடவை ஒன்றுகூடப் பொய்க்கவில்லை. பூத்து முடியட்டும், இலை பழுக்கட்டும், அப்புறம் எடுத்தால் கிழங்குக்கும் நல்லது என்று நீ சொல்வதையெல்லாம் நான் அந்த அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் நல்ல பெண். என்னை எடுத்தெறிந்து பேசவில்லை. "எனக்கும் மனசு வரலைங்க ஐயா. ஆனா மழைக்கு முன்னாடி இந்த வாய்க்காலைப் பிரிச்சுச் சரி பண்ணலன்னா சுவர் நிக்காது. ஒரு பிள்ளை மேல விழுந்துட்டா யார் பதில் சொல்றது?" என்றாள்.

பிள்ளை என்று சொன்ன பிறகு நான் தலையாட்டிவிட்டேன்.

சரிசெய்த பிறகு திரும்ப நடலாமா என்றும் கேட்டேன். வேர் கல்லை நெம்பிவிடும், அதன்மேல் இனி எதுவும் நடக்கூடாது என்றாள். யார் நட்டது, எங்கிருந்து வந்த ரகம் என்று விசாரித்தாள். என் வீட்டுக்காரி நட்டது என்று மட்டும் சொன்னேன். நம் சின்னவன் நம்மை விட்டு இறந்துபோன வருஷம் நீ சோறும் பேச்சும் இல்லாமல் கிடந்ததையும், அப்போதிருந்த மேலாளர் மனமிரங்கி, "அந்தத் தெற்கு மதில் குப்பை மேட்டோரமா ஏதாவது நட்டுக்கோம்மா" என்று சொன்னதையும், பெரிய பாத்திகளைப் பிரிக்கும்போது வேண்டாமென்று வீசிய கிழங்குகளை நீ மடியில் பொறுக்கிக்கொண்டு வந்ததையும் சொல்லவில்லை.

இதுவரை எழுதிவிட்டு, தபாலில் போடாமல் வைத்திருந்தேன். நீ வேண்டாமென்று சொன்னாலும் என்னால் நிறுத்த முடியாதே என்ற பயம். இப்போது எல்லாம் முடிந்துவிட்டது.

ஆட்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். இதை மட்டும் நான் எடுத்துத் தருகிறேன், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று கும்பிட்டேன். ரோஜாக்காரரும் தன் வேலையைப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். விரலால் மண்ணைத் தள்ளிக் கொடுத்தார். ஒரு கிழங்கை இழுத்தால் பாத்தியே அசைகிறது. அப்படி விரல் கோத்துக்கொண்டு கிடந்தன. உன்னைப் போல எனக்குக் கை லாவகம் இல்லை. எத்தனையோ முறிந்துவிட்டன. மன்னித்துக்கொள்.

எத்தனை வேண்டுமானாலும் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். பெருந்தன்மைதான். ஆனால் வெயில் எட்டிப்பார்க்காத இந்த மாடி வீட்டில் எங்கே கொண்டு வைப்பேன்? கீழ்வீட்டுத் தையல்காரர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "இஞ்சியா அண்ணே? சமைக்கலாமா?" என்றார். தின்றால் வயிறு கலங்கிவிடும் என்றதும் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். உனக்குச் சிரிப்பு வரும் என்று எழுதுகிறேன். என் தங்கையிடம் கேட்டேன். அவள் முற்றம் முழுக்கச் சிமெண்ட் போட்டுவிட்டாளாம். ரோஜாக்காரர் யாருக்கும் தெரியாமல் ரோஜா வரிசையோரம் கொஞ்சம் ஊன்றினார். அங்கே ஊற்றுகிற தண்ணீருக்கு இது அழுகிப்போகும் என்று தெரிந்து நானே போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். அவருக்கு என்மேல் வருத்தம்.

இப்போது எல்லாம் பம்ப் அறையில் பெட்டிகளில் இருக்கின்றன. கதவைத் திறந்தால் ஒரு கெட்ட வாடை. சிலவற்றின் நுனி கொழகொழத்துவிட்டது. கத்தியால் சீவிவிட்டுச் சாம்பல் தடவினேன். அது சரியா? சாம்பல்தானே நீ தடவுவது? பெட்டிக்குள் கிடந்தபடியே சில மொட்டுகள் விரிந்துவிட்டன, ஊதாவும் வெளிர்மஞ்சளுமாக. இருட்டில் யாருக்காகப் பூக்கின்றன என்று கேட்கத் தோன்றியது. கேட்டு என்ன ஆகப்போகிறது.

மதிலைப் பாதி பிரித்துவிட்டார்கள். வாய்க்கால் கற்களை ஒழுங்குபடுத்தி, நேற்று என்னையே மடை திறக்கச் சொன்னார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடியது. எல்லாரும் கை தட்டினார்கள். இந்த நாளுக்காகத்தான் இத்தனை வருஷம் கத்தினேன். சந்தோஷப்பட முடியவில்லை, வருத்தப்படவும் எனக்கு ஒரு நியாயம் கிடைக்கவில்லை.

நீ கிளம்பி வந்துவிடாதே. இங்கே நீ வந்து செய்வதற்கு ஒன்றும் இல்லை. அங்கேதான் நீ வேண்டும். பெரியவளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆகட்டும். குழந்தை பத்திரமாகப் பிறந்து, நீடு வாழட்டும். நம் ஆயுசில் எவ்வளவு வேண்டுமோ அதற்குக் கொடுத்துவிடலாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ தினமும் வேலைக்கு இறங்கும் முன் அந்தப் பாத்தியோரம் நின்று சின்னவனிடம் ஏதோ சொல்வாய். நான் குழாயைத் திருகுகிற மாதிரி எட்டவே இருந்துவிடுவேன். நீ ஊருக்குப் போன பிறகு, அவன் தனியாக இருப்பானே என்று நானும் காலையில் போய் நிற்கிறேன். இப்போது அங்கே தண்ணீர்தான் ஓடுகிறது. இருந்தாலும் போகிறேன். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நீ என்ன சொல்வாய் என்று எழுது. அதையே சொல்லிவிடுகிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்