வெளிநாட்டுக்காரர் யாரும் இல்லை

2004 நவம்பர் 24, புதன்

இன்று கடைக்கு வந்த ஒரு பையனுக்கு அமெரிக்க விசா கிடைத்துவிட்டது. சித்தூரில் நான் நடத்துவது பிரௌசிங் சென்டர்தான். ஆனால் ஊரில் பாதிப் பேருக்கு அது விசா கடை. எஸ்.டி.டி. பூத்தாக இருந்த காலத்தில் அழுதுகொண்டே போன் பேச வருவார்கள். இப்போது சிரித்துக்கொண்டே பிரிண்ட் எடுக்க வருகிறார்கள். பையன் அலிபிரியிலிருந்து படியேறித் திருமலைக்குப் போய் வந்து, எனக்கும் ஒரு லட்டு கொண்டுவந்திருந்தான். "நீங்க துன்னுவீங்களாக்கா?" என்று தயக்கம் வேறு. கிறிஸ்தவச்சி என்றால் இனிப்பு கசக்குமா? அவன் எதிரிலேயே தின்றேன்.

ஊரையெல்லாம் வெளியே அனுப்பி வைக்கிறேன். என் வீட்டுக்காரரை உள்ளே வைத்துக்கொள்ளத்தான் இத்தனை பாடு.

டேனியல் கென்யாக்காரர். திருப்பதிக்கு மாட்டு வைத்தியம் படிக்க வந்தவர். சர்ச் பாடகர் குழுவில்தான் பழக்கம். 2000 பிப்ரவரியில் சிலுவை போட்ட தாலியைக் கட்டினார். மூன்றாவது முடிச்சு விழாமல் வியர்த்துப்போய் நின்றார். பாஸ்டரம்மா வந்து கைகொடுத்தார்கள். அன்று முதல் புத்தலப்பட்டில் குடித்தனம். அவருடைய விசாவில் இங்கே இருக்கலாம், சம்பளம் வாங்கக் கூடாது. அதனால் சுற்றுவட்டார மாடுகளுக்கெல்லாம் சும்மாவே வைத்தியம் பார்க்கிறார். ஜனங்கள் வேர்க்கடலையும் வெல்லமும் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். மாம்பழக் காலத்தில் வீட்டுக்குள் கால் வைக்க இடம் இருக்காது.

கல்யாணத்துக்கு நைனா, எங்கப்பா, நகரியிலிருந்து வந்தார். விசைத்தறியை ஒரு நாள் நிறுத்திவிட்டு வந்தவர், என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எவ்ளோ நாளிக்கிம்மா இருப்பான்?"

இந்தியப் பெண்ணைக் கட்டியவர் இங்கே ஐந்து வருஷம் இருந்தால் குடியுரிமை கேட்கலாம். பிப்ரவரியோடு ஐந்து முடிகிறது. அப்போது நைனாவுக்குப் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

2005 ஜனவரி 19, புதன்

சட்டம் மாறிவிட்டதாம். ஐந்து இல்லையாம், ஏழு வருஷமாம். போன மாதத்திலிருந்து.

எஸ்.பி. ஆபீஸில் வெளிநாட்டவர் பிரிவு குமாஸ்தா பாவம், மெதுவாகத்தான் சொன்னார். நான்தான் கத்திவிட்டேன். இன்னும் ஒரு மாசம் இருக்கச்சே மாத்துவாங்களா? கிட்ட வந்தப்பறம் கதவ சாத்துவாங்களா? நான் இன்னா பண்ணேன் இவங்கள?

வெளியே வந்ததும் டேனியல், "யசோ, அஞ்சு வருசம் உன்கூட இருந்துட்டேன். இன்னும் ரெண்டு வருசம் முடியாதா?" என்கிறார். சிரிப்பு வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

2005 ஜனவரி 23, ஞாயிறு

சர்ச்சுக்குப் போனேன். கர்த்தரிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவருக்கும் தெரியட்டும்.

2005 மே 17, செவ்வாய்

கடைக்கு ஒரு மானிட்டர் வாங்கத் திருப்பதி போனோம். கங்கம்மா ஜாத்திரை என்பது நினைவில்லை. தெருவெல்லாம் வேஷம். புடவை கட்டிய ஆண்கள், உடம்பெல்லாம் சந்தனம் பூசியவர்கள், கரி பூசியவர்கள். கூட்டத்தில் ஒரு பெண்மணி டேனியலின் முழங்கையை விரலால் தேய்த்துப் பார்த்தாள். விரலையும் பார்த்தாள். "இன்னா கரி தம்பி இது, ஒட்டவே மாட்டேங்குது?"

நான் சண்டைக்குக் கிளம்பிவிட்டேன். அதற்குள் இவர், "எங்கம்மா பூசி உட்டதும்மா. போவாது" என்றார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. ஒரு சொம்புக் கூழைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்து, குடித்து முடிக்கும் வரை விடவில்லை.

அவர் மறந்துவிட்டார். எனக்குத்தான் வீடு வந்தும் ஆறவில்லை. எத்தனை வருஷம் இருந்தாலும் வேஷம் என்றுதான் நினைப்பார்களா?

2006 செப்டம்பர் 3, ஞாயிறு

கென்யாவிலிருந்து போன். மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டதாம்.

மனு போடுவதற்கு முந்தைய பன்னிரண்டு மாதம் ஒரு நாள் விடாமல் இந்தியாவில் இருக்க வேண்டும் என்பது விதி. இப்போது போனால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. "போயிட்டு வாங்க. அம்மாவ விட இதுவா பெருசு?" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். ஆனால் சொல்லி முடித்ததும் போகாமல் இருக்கமாட்டாரா என்றும் தோன்றியது, அதையும் எழுதி வைக்கிறேன்.

மாமியாரே முடித்துவைத்தார். "ஆரம்பித்ததை முடித்துவிட்டு வா. அதுவரை நான் எங்கேயும் போகமாட்டேன்" என்றாராம். டேனியல் அதை எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு, பின்பக்கம் பக்கத்து வீட்டு மாட்டுக்கு நெடுநேரம் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார்.

2007 பிப்ரவரி 12, திங்கள்

மனு கொடுத்தாயிற்று! ஏழு வருஷம் முடிந்த சூடு ஆறுவதற்குள் கொடுத்தாயிற்று. இனி ஊரில் வந்து விசாரிப்பார்களாம். விசாரிக்கட்டும். இந்த மனுஷனைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல ஒரு கன்றுக்குட்டி கூடக் கிடையாது.

2007 ஜூலை 10, செவ்வாய்

மனு தள்ளுபடி ஆகிற நிலையில் இருக்கிறது. காரணத்தைக் கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள்.

விசாரணைக்கு வந்தவர் நாகபூஷணம் என்று ஒரு ஏட்டு. பதமாகப் பேசுகிற மனிதர். ஜூன் மாதம் மப்டியில் புத்தலப்பட்டுக்கு வந்திருக்கிறார். எங்கள் வீடு பூட்டியிருந்தது. நான் கடையில், இவர் வெதுருகுப்பத்தில் யார் வீட்டு மாட்டுக்கோ வைத்தியம். அதனால் பால் சென்டரிலும் டீக்கடையிலும் விசாரித்திருக்கிறார். "விதேசி எவரூ லேருன்னு எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாங்கம்மா. நான் இன்னா எழுதுவேன்?" அந்த விலாசத்தில் வெளிநாட்டவர் யாரும் வசிக்கவில்லை என்று எழுதிவிட்டார். அப்படி ஒரு ஆளே இல்லையென்றால் குடியுரிமை யாருக்கு? அடுத்த விசா யாருக்கு?

இல்லை என்று சொன்னவர்களே வந்து வாக்குமூலத்தை மாற்றிக் கொடுத்தால் அவரும் திருத்தி எழுதுவாராம். இந்த மாதத்துக்குள். அதற்குப் பிறகு பைல் ஹைதராபாத் போய்விடும்.

எவனோ வேண்டாதவன் செய்த வேலை என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். பஸ் விட்டு இறங்கியதும் பக்கத்து வீட்டு சுந்தரம்மாவைக் கேட்டேன். பால் கேனை இறக்கி வைத்துவிட்டு, முகமெல்லாம் பூரிப்பாகச் சொன்னாள்:

"நாந்தான் பாப்பா! மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிது போலீசுன்னு. இங்க வெளிநாட்டுக்காரன் எவனாச்சும் கீறானான்னு கேட்டான். நான் உடுவனா? அப்டி யாரும் இல்லியே சார், எங்க மாட்டு டாக்டரு ஒருத்தருதான் கீறாருன்னேன். டீக்கட கிருஷ்ணப்பாவுக்கும் ஆள் அனுப்பிச் சொல்லிட்டேன். ஊரே ஒரே பேச்சு. காப்பாத்திட்டோம்ல?"

மெச்சுவேன் என்று நிற்கிறாள். நான் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன். "அய்யோ அக்கா... வெளிநாட்டுக்காரருன்னு நீங்க சொன்னாத்தான் அவர நம்மூருக்காரரா ஆக்குவாங்க."

"இது இன்னா சட்டம்?" என்றாள். முகம் சுண்டிவிட்டது. பால் கேனைத் தூக்கப் போனவள் நின்று, "போலீசுக்குப் பொய் சொன்னா உள்ள வெச்சிடுவாங்களா பாப்பா?"

2007 ஜூலை 13, வெள்ளி

மூன்று நாளாக சுந்தரம்மா என் கண்ணில் படவில்லை. பால் மட்டும் வாசலில் இருக்கிறது. கிருஷ்ணப்பா டீக்கடையில் என்னைப் பார்த்ததும் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். கோபமாக வருகிறது. பயமாகவும் இருக்கிறது. கூலி வேலை பார்த்து இப்போதுதான் அரை ஏக்கர், ரெண்டு மாடு என்று கண்டவர்கள். போலீஸ் ஆபீஸ் வாசலை மிதிக்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை? ஆனா என் வாழ்க்கை போவுதே!

டேனியல் ஒரே பிடியாக, "யாரையும் கூப்பிடாத யசோ" என்கிறார்.

2007 ஜூலை 14, சனி

காலையில் சுந்தரம்மாவின் மாட்டுக்குப் பிரசவம் சிக்கல். கன்று திரும்பிக் கிடந்தது. அவள் வந்து கூப்பிடக்கூட இல்லை. மாட்டின் சத்தம் கேட்டு இவராகவே போனார். தோள்வரை கையை விட்டுத் திருப்பி எடுத்தார். கிடேரிக் கன்று. கை கழுவிக்கொண்டு, ஆபீஸ் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிட்டார். நானாயிருந்தால் பேசியிருப்பேன். நன்றாகவே பேசியிருப்பேன்.

சாயங்காலம் சுந்தரம்மா வாசலில் வந்து நின்றாள். "திங்கக்கெழம பால் வேன் சித்தூரு போவுது. நாங்க வர்றம்."

2007 ஜூலை 16, திங்கள்

இதை நன்றாக எழுத வேண்டும்.

பால் வேனில் கேன்களுக்கு நடுவில் ஊர்க்காரர் பன்னிரண்டு பேர், கூட நானும் டேனியலும். சுந்தரம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையில் வந்திருந்தாள். கிருஷ்ணப்பா வழியெல்லாம் வேர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஆபீஸ் வாசலில் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். வேண்டாம் என்றால் கேட்டால்தானே.

நாகபூஷணம் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். சுந்தரம்மா முன்னால் போய் நின்றாள்.

"ஆமா சார், எங்க டாக்டரு வெளிநாட்டுக்காரருதான். அன்னிக்கி நாந்தான் பொய் சொன்னேன். மத்தவங்க நான் சொல்லிக்குடுத்தத சொன்னாங்க. உள்ள வெக்கறதுன்னா என்ன வெய்யி."

"வெளிநாட்டவர்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"களி துன்றதப் பாத்தா நம்மாளுன்னுதான் நெனப்பீங்க. அவங்கூர்லயும் களிதானாம். ஆனா மாடு மெரண்டா அவரு பாஷையில ஏதோ பேசறாரு சார். மாட்டுக்குப் புரியுது, எங்களுக்குப் புரில. வெளிநாடுதான். சுத்தமான வெளிநாடு."

பின்னாலிருந்து கிருஷ்ணப்பா, "டீக்கு சக்கர அள்ளி அள்ளிப் போடுவாரு சார்" என்றார். அவரால் ஆன சாட்சி.

"அப்புறம் ஏன் இல்லைன்னு சொன்னீங்க?"

சுந்தரம்மா அதுவரை தைரியமாக நின்றவள், அங்கேதான் உடைந்தாள். "நீங்க புடிச்சிக்கினு போயிட்டீங்கன்னா? எங்களுக்கு அவரு வோணும் சார்."

டேனியல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நாகபூஷணம் பேனாவை எடுத்து ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினார். பன்னிரண்டு பேரும் அவர் வெளிநாட்டுக்காரர் என்று சத்தியம் செய்து கைநாட்டும் கையெழுத்துமாகப் போட்டார்கள். கிளம்பும்போது நாகபூஷணம் என்னிடம், "என் சர்வீஸ்ல இப்படி ஒரு சாட்சி நான் சூடலேதம்மா, பாத்ததே இல்ல" என்றார். எல்லாருக்கும் அவர் செலவில் டீ வந்தது. டேனியல் கிளாஸில் மட்டும் கூடுதலாக ரெண்டு ஸ்பூன் சர்க்கரை.

ஜாத்திரையில் கையைத் தேய்த்துப் பார்த்தவளை இன்றைக்குத்தான் மன்னித்தேன்.

2008 மார்ச் 6, வியாழன்

வந்துவிட்டது! சம்மதம் என்று வந்துவிட்டது. கென்யா குடியுரிமையை விட்டுவிட்டால் மீதி நடக்கும்.

துள்ளிக் குதித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், இவர் பழைய பாஸ்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் குதித்தது தப்பு. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மாமியாருக்குப் போன் போட்டோம். இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பாஸ்போர்ட்டைத்தானே திருப்பிக் கேட்கிறார்கள்? மகனையா கேட்கிறார்கள்?" என்றாராம். இவர் அழுதார். எட்டு வருஷத்தில் இன்றைக்குத்தான் அவர் அழுது பார்க்கிறேன்.

2008 செப்டம்பர் 22, திங்கள்

சித்தூர் கலெக்டர் ஆபீஸில் உறுதிமொழி. ஆங்கிலத்தில் படித்தார். "இந்தியக் குடிமகனாக என் கடமைகளை" என்று வருகிற இடத்தில் குரல் நின்றுவிட்டது. மறுபடி அந்த வரியை முதலிலிருந்து படித்தார். எனக்கு ரெண்டு தடவை கேட்கக் கொடுத்துவைத்திருந்தது.

நைனா தறியை நிறுத்திவிட்டு வந்திருந்தார். இவர் கட்டியிருந்த வேட்டி அவருடைய தறியில் ஓடியது. வாசலில் யாரோ, "யாருங்க அது, ஆப்பிரிக்காவா?" என்று கேட்டார்கள். நைனா, "எம் மாப்ள. புத்தலப்பட்டு" என்றார். எட்டு வருஷமாக மனசில் வைத்திருந்த பதிலை நான் சொல்லவேண்டிய தேவையே வரவில்லை.

நியூஜெர்சியிலிருந்து தம்பி சுரேஷ்பாபு போன் பண்ணினான். அவனுக்கு இன்னும் கிரீன் கார்டு வரவில்லை. "மாமா முந்திக்கினாரேக்கா!" என்று புலம்பினான். வேணும் அவனுக்கு.

இன்று கர்த்தரிடம் நிறையப் பேசினேன். பாக்கி வைக்கவில்லை.

2008 டிசம்பர் 11, வியாழன்

தனியார் பால் பண்ணையில் வேலை கிடைத்து, முதல் சம்பளமும் வாங்கிவிட்டார். ஆனாலும் வேர்க்கடலை வருவது நிற்கவில்லை. இன்று கடையில் முதல் முறையாக என் வீட்டுக்காரருக்கே விசா மனு பிரிண்ட் எடுத்தேன். கென்யாவுக்கு. அம்மாவைப் பார்க்க, ரெண்டு பேரும். லட்டு நானே வாங்கிச் சாப்பிட்டேன்.

2009 ஜனவரி 21, புதன்

தலைவலி என்று கடைக்குப் போகவில்லை. உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். தெருவில் யாரோ சைக்கிளை நிறுத்துகிற சத்தம். ஸ்டேஷனுக்குப் புதிதாக வந்த கான்ஸ்டபிள் போலிருக்கிறது. கையில் ஏதோ பழைய பட்டியல். சுந்தரம்மாவை நிறுத்தி, இந்தத் தெருவில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் இருக்கிறாராமே என்று கேட்டார்.

"அப்டி யாரும் இல்லியே சார்" என்றாள் சுந்தரம்மா. "எங்க மாட்டு டாக்டரு ஒருத்தருதான் கீறாரு."

முறத்தைப் போட்டுவிட்டு, திருத்திச் சொல்ல வாசல்வரை ஓடினேன். அங்கே போய்த்தான் உறைத்தது, இப்போது திருத்த ஒன்றும் இல்லை. சுந்தரம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, சரிதானே என்பது போலத் தலையை ஆட்டினாள்.

கான்ஸ்டபிள் எழுதிக்கொண்டு போனார். நான் உள்ளே வந்து சிந்திய அரிசியைக் கூட்டி எடுத்தேன்.