இடது கையால் காட்டியவர்

அன்று உங்கள் முன்னறையில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அக்கா. பின்னால் எவரும் நான் அங்கே இல்லை என்று சொல்லக் கூடாது. பல்கலைக்கழகத்தில் அமைதி, நீதி என்று ஒரு படிப்பு நடக்கிறதே, அந்தத் துறையின் தலைவர் மஞ்சுளா மேடம் இருந்தார். அவரோடு வந்த இர்ஃபான் சார் இருந்தார். உதவித்தொகை கேட்டு வந்த பிள்ளைகள் மூன்று பேர்: கிரீஷ், ரேஷ்மா, காவ்யா. பிறகு நான். உங்கள் பிரம்பு நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

இன்று காலை மருமகள் இஸ்திரிப் பெட்டியில் கரியைப் போட்டு விசிறினாள். அந்த வாசனை வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்குத் தமிழ் படிக்க வராது. அந்தத் தைரியம்தான்.

காவேரித் தண்ணீருக்காக ஊர் தமிழர்கள்மேல் கொதித்த அந்த நாளில் எங்கள் இஸ்திரி வண்டி எரிந்ததும் இதே வாசனையோடுதான். வெளியிலிருந்து வந்தவர்களுக்கு எது தமிழாள் வண்டி என்று தெரியாது. எங்கள் தெருக்காரர் ஒருவர் கை காட்டினார். நீங்கள் கேட்டைத் திறந்து எங்களை உள்ளே இழுத்துக்கொண்டீர்கள். பிள்ளைகளுக்கு மோர் கொடுத்தீர்கள். ஊர் அடங்கிய பிறகு தெருவே என்னிடம் மறந்துவிடு என்றது. நீங்கள் மட்டும் உங்கள் அரைகுறைத் தமிழில், "மறக்காதே ரத்னா. மறக்கறவங்க நம்ம தெருவுல ஜாஸ்தி" என்றீர்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், சைட்டு என்று வாங்கிப் போட்டிருந்த மனையை விற்று, அந்த வட்டியில் ஆண்டுக்கு ஒரு பிள்ளை படிக்கட்டும் என்று வைத்தீர்கள். அதற்கு நீங்கள் போட்ட விதியைக் கேட்டு மஞ்சுளா மேடமே முதலில் சிரித்தார். கேட்டு வருகிற பிள்ளை தனியாக என் எதிரில் உட்கார வேண்டும். நான் ஒரு புடவையைத் தேய்த்து முடிக்கும்வரை வண்டி எரிந்த கதையைக் கை காட்டியவர் பெயரோடு சொல்வேன். கடைசியில் என்னிடம் ஒரே கேள்வி: இதை மறுபடியும் யாரிடம் சொல்வாய்? நான் காட்டும் பிள்ளைக்கே தொகை.

நீங்கள் இல்லாமல் நடந்த முதல் முறை இது. நோயை என்னிடம் மறைத்தே போனீர்கள். அந்தக் கோபம் தனியாக இருக்கிறது.

கிரீஷ், என் பேரன் வயது, பாதியிலேயே, "விட்டுடுங்க அஜ்ஜி, எல்லாம் ஆகிப்போச்சு" என்றான்.

"ஆகிப்போனது உனக்கா எனக்கா, கண்ணு?" என்றேன்.

ரேஷ்மா அழுதாள். தேய்ப்பதை நிறுத்திவிட்டு நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டியதாயிற்று.

காவ்யா அழவில்லை. "கை காட்டினவர் எங்க நின்னார்?" என்று கேட்டாள்.

"போர்வெல் பக்கத்துல."

"எந்தக் கையால காட்டினார்?"

இத்தனை ஆண்டுகளில் யாரும் அதைக் கேட்டதில்லை. "இடது கை. வலது கையில டீ டம்ளர் இருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் வாங்கிக் குடுத்த டீ."

அவள் நான் தேய்த்த சேலையின் கரையை நேராக இழுத்துவிட்டாள். "அவர் என் தாத்தா, அஜ்ஜி. அன்னிக்கு ஊர்லயே இல்ல, நஞ்சன்கூட்டுல இருந்தேன்னு வீட்ல சொல்றார்."

நான் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தேன். "அவருக்கு மன்னிப்பு வாங்கிட்டுப் போக வந்தயா?"

"இல்ல. இருந்தாரா இல்லையான்னு கேக்க வந்தேன்."

எல்லோரையும் முன்னறைக்குக் கூப்பிட்டார்கள். மஞ்சுளா மேடத்திடம் காவ்யா தானே விஷயத்தைச் சொன்னாள். அவர் என்னைத் தனியாக அழைத்து, "வேண்டாம்னா சொல்லிடுங்கம்மா, யாரும் தப்பா நினைக்க மாட்டோம்" என்றார். பக்கத்திலிருந்த இர்ஃபான் சார், இந்தத் தொகை இல்லையென்றால் அந்தப் பெண்ணின் படிப்பு நின்றுவிடும், தாத்தா கைவிரித்துவிட்டார் என்றார். அவர் இரக்கத்தில் சொன்னார். என் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த வீட்டுக்கு நான் கொடுக்க நினைத்ததைக் கொடுத்துவிடலாம். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது, அக்கா. நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பீர்கள்.

"கேள்வியைக் கேளுங்க" என்றேன். கேட்டார்கள்.

"இந்தப் புள்ளகிட்டத்தான் மறுபடி சொல்லுவேன். இன்னும் பாதிகூட சொல்லி முடிக்கல."

காவ்யா அதற்குப் பின் வாரந்தோறும் வருகிறாள். அன்று தெருவில் நின்றவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறாள். அதுதான் அவள் படிப்புக்கான வேலையாம். சிலர் கதவைச் சாத்தினார்கள். பால்காரம்மா மட்டும், ஆமாம், போர்வெல் பக்கத்தில் அவர் நின்றார் என்று ஒப்புக்கொண்டார். அதைக் காவ்யா வந்து சொன்ன அன்று நான் இரண்டு முறை சாப்பிட்டேன்.

போன வாரம் அவள் தாத்தா ஒரு பெட்டி மைசூர்பாகு கொடுத்தனுப்பினார், கூடவே ஒரு செய்தியும். அன்றைக்கு அவர் நஞ்சன்கூட்டில்தான் இருந்தாராம். மைசூர்பாகைக் காவ்யாவையே தின்னச் சொன்னேன். செய்தியை அவரிடமே திருப்பி அனுப்பிவிட்டேன்.

நீங்கள் மறக்காதே என்று சொன்னதை வைத்துக்கொண்டிருக்கிறேன். மன்னி என்று நீங்கள் ஒரு நாளும் சொல்லவில்லை, அதையும் வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெண் பட்டம் வாங்கும்போது முன்வரிசையில் போய் உட்காருவேன். அவள் தாத்தாவும் வருவார், வரட்டும்.

போர்வெல் பக்கத்தில் நின்றவர் புட்டசாமி. அவரை மன்னிக்க மாட்டேன்.