நாற்பத்தெட்டுக் கையெழுத்து

ஏப்ரல் 21, திங்கள்

இன்று என்னைத் தேர்தல் அதிகாரி ஆக்கிவிட்டார்கள். நான் கேட்கவில்லை. சங்கக் கூட்டத்துக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனதுதான் நான் செய்த குற்றம். கதவைத் திறந்து உள்ளே நுழைகிறேன், எல்லாரும் கைதட்டுகிறார்கள். எம்னாவுக்கு எந்தப் பக்கமும் கிடையாது, அதனால் அவளே சரி என்று ஏகமனதாக முடிவாகிவிட்டதாம். எந்தப் பக்கமும் இல்லாதவள் என்பது பாராட்டா, திட்டா? இன்னும் தெரியவில்லை.

வீட்டில் சொன்னதும் என் கணவர் முன்ஸிஃப் விழுந்து விழுந்து சிரித்தார். "நடக்கவே நடக்காத தேர்தலுக்கு நீ அதிகாரியா? நல்ல உத்தியோகம்தான், வேலையே இல்லை."

கிண்டலாகச் சொன்னாலும் அதில் நியாயம் இருக்கிறது. எங்கள் மருத்துவச்சிகள் சங்கத்தின் ஸ்ஃபாக்ஸ் கிளையில் தொண்ணூற்று நான்கு உறுப்பினர்கள். பாதிக்கு மேல், அதாவது நாற்பத்தெட்டுப் பேர், நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் தேர்தல் செல்லும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்று கடந்த இரண்டு முறையும் கூடினோம். இரண்டு முறையும் ஆள் சேரவில்லை. சேராவிட்டால் இருக்கிற தலைவியே தொடர்வார் என்பது விதி. அப்படித்தான் நஜீபா அக்கா ஒன்பது வருடமாகத் தலைவி.

இந்த முறை தலைநகர் துனிஸிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. மே 17 அன்றும் சேரவில்லையென்றால் எங்கள் கிளையைக் கலைத்துத் தலைமையகத்தோடு சேர்த்துவிடுவார்களாம். அதற்குப் பிறகு வார்டில் ஒரு நாற்காலி உடைந்தால்கூடத் துனிஸுக்குத்தான் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். இங்கே குழந்தை பிறக்கும் லட்சணம் அங்கே இருப்பவர்களுக்கு என்ன தெரியும்?

ஏப்ரல் 25, வெள்ளி

வேட்புமனுவுக்குக் கடைசி நாள். இரண்டு அணிகள், அணிக்கு மூன்று பேர். ஆறு பேருமே எங்கள் ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டுக்காரர்கள். ஒரு பக்கம் நஜீபா அக்கா. அவரும் நானும் பதினாறு வருடமாக ஒரே வார்டு. ஒரே தட்டில் மீன் சூப் குடித்தவர்கள். எதிரே ஷிராஸ். முப்பத்தேழு வயது, நடப்பதே ஓடுவது மாதிரி இருக்கும்.

மனுவை நீட்டும்போது ஷிராஸ் சொன்னாள்: "அக்கா, நஜீபா அக்கா மேல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்ல. ஆனா ஜெயிக்காமலே ஆறு வருஷம் தலைவியா இருக்காங்களே, அது அவங்களுக்கே உறுத்தலயா?"

எனக்கு உறுத்தியது. அவளிடம் சொல்லவில்லை. அதிகாரி அல்லவா.

ஏப்ரல் 30, புதன்

கோபம் தாங்கவில்லை.

வார்டு அலமாரியில் கயிறு கட்டித் தொங்கும் நீல நோட்டு ஒன்று உண்டு. டியூட்டி மாற்றிக்கொள்பவர்கள் அதில் எழுதி வைப்போம். 'சனி காலை ரீம் செய்வாள், திங்கள் மாலை நான் செய்வேன்.' மேலதிகாரி கையெழுத்தைவிட அந்த நோட்டுக்கு மரியாதை அதிகம். அதில் எழுதிவிட்டு வராமல் போனவள் என்று ஒருத்தி இதுவரை இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சலா, தங்கைக்குக் கல்யாணமா, அந்த நோட்டு இல்லாமல் எங்களுக்கு வாழ்க்கையே இல்லை.

இன்று மதியம் சும்மா புரட்டினேன். ஜூன் மாதப் பக்கம் நிரம்பி வழிகிறது. ஹஜ்ஜுப் பெருநாள் அன்றைய டியூட்டியை காலில் விழுந்து கேட்டாலும் யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். வீட்டில் ஆடு அறுக்கும் நாள், மாமியார் வீட்டார் வரும் நாள். அந்த டியூட்டியை நஜீபா அக்கா அணியின் ஸல்வா நான்கு பேரிடமிருந்து 'நான் செய்கிறேன்' என்று வாங்கியிருக்கிறாள். பதிலுக்கு என்ன என்ற இடம் காலி. ஒருத்தி எப்படி ஒரே நாளில் நான்கு டியூட்டி பார்ப்பாள் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

சரி, ஷிராஸ் அணி யோக்கியமா? அடுத்த பக்கத்தில் பெருநாளுக்கு மறுநாள். ஐந்து பேர். அங்கேயும் பதில் இடம் காலி.

ரீமைப் பிடித்துக் கேட்டேன். "என்னக்கா தெரியாத மாதிரி கேக்குறீங்க? பெருநாள் டியூட்டிய ஒருத்தி எடுத்துக்கிட்டா ஓட்டுப் போட மாட்டோமா? நான் ரெண்டு பக்கமும் வாங்கிட்டேன்" என்று சிரிக்கிறாள். சிரிக்கிறா! ஓட்டை விக்கிறோம்னு ஒரு கூச்சமே இல்ல இவளுகளுக்கு!

மே 2, வெள்ளி

அறிவிப்பு ஒட்டிவிட்டேன். 'இன்று முதல் தேர்தல் முடியும்வரை உறுப்பினர்கள் யாரும் யாருடனும் டியூட்டி மாற்றிக்கொள்ளக் கூடாது. ஜூன் மாதத்துக்கு எழுதியவை செல்லாது. மீறினால் வாக்குரிமை இல்லை. எம்னா, தேர்தல் அதிகாரி.' நீல நோட்டை எடுத்து என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

வார்டில் யாரும் என்னோடு காபி குடிக்கவில்லை. பரவாயில்லை. நேர்மைக்குத் தனியாகக் காபி குடித்துத்தான் பழக வேண்டும்.

மே 6, செவ்வாய்

நான் ஒரு முட்டாள்.

தேர்தல் குழுவில் எனக்குத் துணை லத்தீஃபா. கிராம மருத்துவ நிலையத்தில் வேலை. வாய் பேசாது, கை எழுதிக்கொண்டே இருக்கும். இன்று தொண்ணூற்று நான்கு பெயர்களையும் ஒரு தாளில் எழுதி எதிரே வைத்தாள். வருவார்கள் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் நாற்பத்து மூன்று. வெளியூர், உடம்பு சரியில்லை, எப்போதும் வராதவர்கள் என்று ஒரு பட்டியல். மூன்றாவதாக ஒன்பது பெயர்களைச் சுற்றி வட்டம்.

"இவங்க யாரு?"

"பதினேழாம் தேதி காலையில டியூட்டி. வரணும்னு ஆசைதான். மாத்திக்க ஆள் கேட்டிருந்தாங்க. நீங்கதான் மாத்தக் கூடாதுன்னு ஒட்டிட்டீங்களே."

உலகத்தில் வேறு எந்தத் தொழில்காரியாவது இந்தத் தப்பைச் செய்வாளா? டியூட்டி மாற்றாமல் மருத்துவச்சிகளை ஓர் இடத்தில் கூட்ட முடியாது என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஓட்டு விற்பனையை நிறுத்துகிறேன் என்று போய்த் தேர்தலையே நிறுத்திவிட்டேன்.

மே 7, புதன்

தடையை எடுத்தால் விற்பனை. எடுக்காவிட்டால் துனிஸ். சாப்பிடப் பிடிக்கவில்லை.

மே 10, சனி

நஜீபா அக்காவோடு சண்டை. பதினாறு வருடத்தில் முதல் தடவை.

உடை மாற்றும் அறையில், ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் வார்டு ஷூவுமாக நின்று கத்தினார். "ஒரு மருத்துவச்சி இன்னொருத்திக்கு டியூட்டி செஞ்சு குடுக்கக் கூடாதுன்னு சொன்ன முதல் ஆளு நீதான்டி! பிரசவ அறைக் கதவுல அதிகாரின்னு போர்டு மாட்டிக்கோ!"

"உங்க ஸல்வா நாலு டியூட்டி வாங்கினாளே, அது உதவியா அக்கா? மனசத் தொட்டுச் சொல்லுங்க."

அவர் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். "எனக்கே நேத்துதான் தெரியும்" என்றார். நம்புகிறேன். நம்ப ஆசைப்படுகிறேன். பிறகு குரலைத் தாழ்த்தி, "பதினேழாம் தேதி நான் ஓட்டுப் போட்டுட்டு வந்து வஃபாவோட டியூட்டிய எடுத்துக்கறேன். எனக்கு ஒண்ணும் வேணாம். ஆள் சேரணும், அவ்வளவுதான்."

"வஃபா ஷிராஸ் கட்சியாச்சே?"

"அதனாலதான் சொல்றேன். இதுல யாரு லஞ்சம்னு சொல்ல முடியும்?"

அந்த ஒன்பது வட்டத்தில் வஃபாவும் ஒருத்தி. நினைத்துப் பார்க்கிறேன் என்றேன். ஆள் சேரவில்லையென்றால் நஜீபா அக்காவுக்கும் கிளை இல்லை, பதவியும் இல்லை. அதற்காகத்தான் சொல்கிறாரா? அப்படியே இருந்தாலும் என்ன?

மே 12, திங்கள்

இன்று ஷிராஸ் வந்தாள். அதே பேச்சு, அவள் வாயிலிருந்து. "நான் ரெண்டு பேரோட டியூட்டி எடுத்துக்கறேன் அக்கா. ஆனா நஜீபா அக்காவ விடாதீங்க. அவங்க உள்ள வந்தா வார்டே அவங்க பக்கம் சாஞ்சிடும்."

அப்போதுதான் எனக்கு மூளையில் விளக்கு எரிந்தது. ஒருத்தி செய்தால் லஞ்சம். எதிரெதிராக நிற்கிற ஆறு பேரும் சேர்ந்து செய்தால்?

"நீ, அவங்க, ரெண்டு அணியும். ஆறு பேரும். யாருக்குப் பதில் யாருன்னு நான் சீட்டுக் குலுக்கி எடுப்பேன். சம்மதமா?"

"நஜீபா அக்காவோட ஒரே வார்டுலயா? காலை முழுக்கவா?"

"ஓட்டு மட்டும் கேக்கக் கூடாது. குழந்தை மட்டும்தான் வாங்கணும்."

மே 14, புதன்

வார்டு மேற்பார்வையாளர் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். போடும்போது, "முப்பது வருஷமா இந்த வார்டுல இருக்கேன், வேட்பாளர்கள் வேலை செஞ்சு பார்த்ததில்ல" என்றார். ஒன்பது பேரில் மூன்று பேர், கிராம மருத்துவ நிலையங்களில் தனியாளாக டியூட்டி பார்ப்பதால், நகர முடியாது. மற்ற ஆறு பேருக்குப் பதில் ஆறு வேட்பாளர்கள்.

சீட்டுக் குலுக்கினேன். வஃபாவின் டியூட்டி நஜீபா அக்காவுக்கே விழுந்தது. நான் ஏதும் செய்யவில்லை, சத்தியமாக.

மே 17, சனி

ஒரே களைப்பு, ஆனால் இன்றே எழுதிவிட வேண்டும்.

ஆசிரியர் சங்கக் கட்டடத்தின் கீழ்த்தளக் கூடத்தை இரவல் வாங்கியிருந்தோம். எட்டு மணிக்குக் கதவைத் திறந்தோம். ஆறு வேட்பாளர்களும் முதலில் கையெழுத்துப் போட்டு, ஓட்டுப் போட்டு, இரண்டு காரில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நஜீபா அக்காவும் ஷிராஸும் ஒரே காரின் பின் சீட்டில், நடுவில் கைப்பைகளை வைத்துக்கொண்டு.

பன்னிரண்டு மணிவரை நேரம். அதற்குள் நாற்பத்தெட்டு சேராவிட்டால் பெட்டியைத் திறக்காமலே எரிக்க வேண்டும். லத்தீஃபா தீப்பெட்டியைக்கூட மேசை இழுப்பறையில் கொண்டுவந்து வைத்திருந்தாள். இவளை என்ன செய்வது!

பத்தரைக்கு முப்பத்தெட்டு. விடுவிக்கப்பட்ட ஆறு பேரில் மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். பதினொன்றரைக்கு நாற்பத்தைந்து. பதினொன்று நாற்பதுக்கு ரீம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள், நாற்பத்தாறு. பிறகு யாரும் வரவில்லை. படிக்கட்டில் காலடி கேட்டால் கூடமே எழுந்து பார்க்கிறது. யாரோ காபிக்குப் போய்த் திரும்புகிறவர்கள்.

வஃபாவும் இன்னும் இரண்டு பேரும் வர வேண்டும். மேற்பார்வையாளருக்குப் போன் போட்டேன்.

"மூணு பேரும் பிரசவத்துல கை வச்சிட்டாங்க எம்னா. எப்படி வருவாங்க?"

எனக்குப் புரிந்தது. தொடங்கியவள்தான் முடிக்க வேண்டும் என்பது எங்கள் பழக்கம். தலை தெரிகிற நேரத்தில் கையை மாற்றினால் அந்தப் பெண் பயந்துவிடுவாள். எந்தத் தேர்தலுக்காகவும் அதைச் செய்யச் சொல்ல எனக்கு வாய் வராது. போனை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அழுகை வந்தது. போச்சு. எல்லாம் போச்சு. மூணாவது தடவையும். என் நோட்டீஸ்தான், என் புத்திதான்...

பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது மஞ்சள் டாக்ஸி ஒன்று வாசலில் வந்து நின்றது. மூன்று பேரும் தலையில் பச்சைத் தொப்பியோடு இறங்கி ஓடிவந்தார்கள். வஃபா மூச்சு வாங்கிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். நாற்பத்தேழு. நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது. கூடம் குலவையிட்டது, கல்யாண வீட்டில்கூட அப்படிக் கேட்டதில்லை. ரீமின் பிள்ளை பயந்து அழ ஆரம்பித்தது.

பிறகுதான் வஃபா சொன்னாள். இரண்டு குழந்தைகள் பதினொன்றரைக்கே பிறந்துவிட்டன, மேற்பார்வையாளருக்குத்தான் தெரியவில்லை. அவள் பார்த்த பெண்ணுக்கு மட்டும் பிரசவம் முடியவில்லை. மற்ற இருவரும் வஃபாவை விட்டுவிட்டு வர மனமில்லாமல் நின்றிருக்கிறார்கள். நஜீபா அக்கா ஒரு மணி நேரமாகவே அந்தப் பெண்ணின் தலைமாட்டில் உட்கார்ந்து, நெற்றியைத் துடைத்து, பேச்சுக் கொடுத்துப் பழக்கியிருக்கிறார். சரியான நேரத்தில் அந்தப் பெண்ணிடமே கேட்டாராம்: "இவ போகட்டுமா கண்ணு, நான் இருக்கேன், உனக்குச் சரியா?" அந்தப் பெண், "நீங்க இருங்க, அவங்க போகட்டும், யாராவது ஒருத்தர் சீக்கிரம் இத வெளிய எடுங்க!" என்று அலறினாளாம்.

"ஷிராஸ்?"

"அவ விளக்கப் பிடிச்சா. நஜீபா அக்கா 'இன்னும் கீழ'ன்னு திட்டிட்டே இருந்தாங்க. அவளும் பிடிச்சா."

வஃபா யாருக்கு ஓட்டுப் போடுவாள் என்று நஜீபா அக்காவுக்குத் தெரியும். மற்ற இருவரும் யார் பக்கம் என்பதும் தெரியும். தெரிந்துதான் அனுப்பினார்.

எண்ணினோம். ஷிராஸ் இருபத்தாறு. நஜீபா அக்கா இருபத்திரண்டு. ஒன்று செல்லாது, யாரோ இரண்டு பெயரிலும் குறி போட்டிருக்கிறார்கள். (ரீமாகத்தான் இருக்கும்.)

முடிவைச் சொல்லப் போன் போட்டேன். நஜீபா அக்காதான் எடுத்தார். சொன்னேன். "எத்தனை பேர் வந்தாங்க?" என்றார். நாற்பத்தொன்பது என்றேன். "நாற்பத்தொன்பதா!" என்றார். அந்தக் குரலில் வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பெருமையும் இருந்தது. "இரு, ஷிராஸ் கையக் கழுவிட்டிருக்கா, அவகிட்ட நானே சொல்றேன்."

மே 18, ஞாயிறு

மதியம்வரை தூங்கினேன். முன்ஸிஃப் சமைத்தார். உப்பு அதிகம், ஒன்றும் சொல்லவில்லை.

மே 26, திங்கள்

சங்க முத்திரையும் சாவியும் ஷிராஸிடம் ஒப்படைக்கப்பட்டன. தேர்தல் குழு கலைந்தது. நீல நோட்டு மறுபடி கயிற்றில் தொங்குகிறது. பதில் இடம் காலியாக இருந்தால் செல்லாது என்று முதல் பக்கத்தில் ஷிராஸ் எழுதியிருக்கிறாள்.

எல்லாரும் போன பிறகு நஜீபா அக்கா என்னருகே வந்து ஒரு தாளை நீட்டினார். வேட்புமனு. வருடத்தை அடித்துவிட்டு மூன்றைக் கூட்டி எழுதியிருந்தார்.

"அக்கா, அடுத்த தேர்தலுக்கு மூணு வருஷம் இருக்கு. குழுவே இல்ல. இத வாங்க எனக்கு அதிகாரமும் இல்ல."

"அப்ப வீட்டுல வச்சுக்கோ."

வாங்கிப் பார்த்தேன். 'தேர்ந்தெடுக்கப்பட்டால் என்ன செய்வீர்கள்' என்ற கட்டம் போதாமல் பின்பக்கம் முழுக்க எழுதி, இன்னொரு தாளும் குத்தியிருந்தார்.

"இவ்வளவு இருக்கா அக்கா? இத்தனை வருஷத்துல ஏன் சொல்லவே இல்ல?"

"யாரு கேட்டாங்க?" என்றார். கொஞ்சம் யோசித்து, "நானும் என்னைக் கேட்டுக்கல. தலைவியா இருந்தேன், இருந்தேன், அவ்வளவுதான். இப்பதான்டி ஜெயிக்கணும்னு ஆசையே வருது."

கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவர் என்னைத் தள்ளிவிட்டு, மணி ஒன்றாகப் போகிறது, டியூட்டிக்கு ஆள் காத்திருக்கும் என்று படி இறங்கினார். மனுவின் மூலையில் வரிசை எண் ஒன்று என்று போட்டு, இன்றைய தேதியும் எழுதி வைத்திருக்கிறேன்.